கொள்ளைநோயும் உழைச்செல்வானும்: வங்கத்துச் சந்தாலரின் நலம்பேணும் மரபு குறித்து

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நோயாளியின் அருகிலிருந்து பேணுபவனையும் அது ஒரு கூறாக எண்ணி, அவனை உழைச்செல்வான் என்னும் அழகிய சொல்லால் சுட்டுகிறது. கொள்ளைநோய்களைப் பற்றிய வரலாற்றெழுத்து முதல் மூன்றைப் பற்றி நிரம்பப் பேசியுள்ளது. கிருமியின் வரலாறு, மருத்துவரின் வரலாறு, தடுப்பூசியின் வரலாறு எனப் பல நூல்கள் உள்ளன. உழைச்செல்வானின் வரலாறு அந்த அளவிற்கு எழுதப்படவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் அவனுடைய நிலை முரண்பட்டது என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். அருகிருத்தல் அவனது தொழில். அருகிருத்தலே நோயைப் பரப்பும் வழி. விலகியும் இருக்கவேண்டும், கைவிடாமலும் இருக்கவேண்டும் என்னும் இச்சிக்கலை ஒரு சமூகம் எவ்வாறு தீர்த்துக்கொள்கிறது என்பதை அதன் பண்பாடே முடிவு செய்கிறது. வங்கத்துப் பழங்குடிகளை, சிறப்பாகச் சந்தாலரை முன்வைத்து இதனை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. தமிழ்ச் சான்றுகள் ஒப்புநோக்கும் அளவில் எடுத்தாளப்படுகின்றன.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் பட்டியல் பழங்குடியினர் ஏறத்தாழ 53 இலட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் இது 5.8 விழுக்காடு. இவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர், அதாவது 25 இலட்சம் பேர், சந்தாலர். புருலியா, பாங்குரா, மேற்கு மேதினிப்பூர், ஜார்கிராம், வீர்பூம், வர்த்தமான் பகுதிகளில் இவர்கள் செறிந்து வாழ்கின்றனர். இவர்களின் மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தின் முண்டாக் கிளையைச் சேர்ந்தது. பண்டித ரகுநாத் முர்மு 1925இல் அம்மொழிக்கு ஒல் சிகி என்னும் எழுத்தை வகுத்தார். 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் சந்தாலி எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. கொல்கத்தா மாநகருக்கும் இம்மக்களுக்கும் தொடர்பில்லை என எண்ணிவிடலாகாது. சோட்டா நாகபுரிப் பீடபூமியிலிருந்து வந்த பழங்குடித் தொழிலாளர் தாங்கர் என்னும் பெயரால் 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் வடிகால்களைத் தூய்மை செய்தனர். நகரின் சுகாதாரம் என்று பெருமையாகப் பேசப்பட்டதன் அடியில் இவர்களின் உழைப்பு இருந்தது. 1834இல் கல்கத்தாவிலிருந்து மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாக முதலில் அனுப்பப்பட்ட முப்பத்தறுவரும் இத்தாங்கரே. நம்மவர் அதே கடல்வழியில் பின்னர்ச் சென்றதை இங்கு நினைவுகூரலாம்.

சீதளையும் மாரியும்

வங்கத்து உழவர்குடிகளின் அம்மைத் தெய்வம் சீதளை. பெயரின் பொருள் குளிர்ந்தவள் என்பது. மாரி என்னும் நம் தெய்வப்பெயர் மழையைக் குறிப்பதாகக் கொள்ளப்படுவதோடு இதனை ஒப்பிட்டால், வெம்மை நோயைக் குளிர்ச்சியின் தலைவியிடமே ஒப்படைக்கும் கருத்து இரு நிலங்களுக்கும் பொதுவாதல் விளங்கும். சீதளையின் புகழைப் பாடும் சீதளா மங்கல் என்னும் கதைப்பாடல் வகை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வங்கமொழியில் வளர்ந்தது. கிருஷ்ணராம் தாசும் நித்தியானந்த சக்கரவர்த்தியும் இவ்வகையில் பெயர்பெற்றவர்கள். அமெரிக்க மானிடவியலாளர் ரால்ப் நிக்கோலசு 1981இல் எழுதிய கட்டுரை, இத்தெய்வ வழிபாட்டின் எழுச்சியை 18ஆம் நூற்றாண்டு வங்கத்தின் அரசியல் குழப்பத்தோடும் பெரியம்மைப் பரவலோடும் இணைத்து விளக்குகிறது.

இவ்வழிபாட்டோடு ஒரு மருத்துவ முறையும் ஒட்டியிருந்தது என்பதே நமக்கு முதன்மையானது. தீக்காதார் எனப்பட்டோர் ஆண்டுதோறும் வேனிற்காலத்திற்கு முன் ஊர்ஊராகச் சென்று, முந்தைய ஆண்டின் அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளைக் கையில் கீறிச் செலுத்தினர். ஜே. இசட். ஹால்வெல் 1767இல் இலண்டனில் வெளியிட்ட நூல் இதனை விரிவாகப் பதிவு செய்கிறது. கீறல் மட்டுமே மருத்துவமன்று. மீன், பால், நெய் ஆகியவற்றை விலக்குதல், காலையும் மாலையும் குளிர்நீர் வார்த்தல், தெய்வத்திற்கு வழிபாடு செய்தல் என ஒரு முழு ஒழுங்கு அதனைச் சூழ்ந்திருந்தது. நோயாளி தனித்து விடப்படவில்லை. வீடே ஒரு நோன்புக்குள் வந்தது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும், தாளிப்பைத் தவிர்ப்பதும், அயலார் வருவதைத் தடுப்பதும், காப்புக் கட்டியபின் ஊரைவிட்டு வெளியேறக் கூடாதென விதிப்பதும் ஆகிய தமிழ் வழக்கங்கள் இதே இயல்பின. இவற்றை அறியாமை என ஒதுக்கிய 19ஆம் நூற்றாண்டு அலுவலர்கள், தாம் புதிதாகக் கொணர்வதாகக் கருதிய தனிமைப்படுத்தலின் ஒரு வடிவம் அங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதைக் காணத் தவறினர். கீறி அம்மை வைக்கும் முறையால் நோய் பிறர்க்குத் தொற்றும் இடருண்டு என்பது உண்மையே. அக்காரணத்தால் 1865ஆம் ஆண்டின் வங்கச் சட்டம் கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அதனைத் தடை செய்தது. எனினும், தீக்காதாரின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கியவர்கள் அவர் பெற்றிருந்த நம்பிக்கையைத் தம்வயமாக்க இயலவில்லை. பின்னாளில் தீக்காதார் பலரையே அரசு அம்மைகுத்துவோராகப் பணியமர்த்த நேர்ந்தது நோக்கத்தக்கது.

நம்பிக்கையை வேறு வழியில் பெற முயன்றவர்களும் உண்டு. சென்னையில் கலெக்டராக இருந்தவரும் திராவிட மொழிக் குடும்பக் கருத்தை முதலில் எடுத்துரைத்தவருமான எல்லிசு, பசுவிலிருந்து பெறும் அம்மைப்பாலை மக்கள் ஏற்கும்பொருட்டு, தேவியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு கதையைத் தமிழில் புனைந்தார். 1819இல் ‘மெட்ராசு கூரியர்’ இதழில் ‘கல்வி விரும்பன்’ என்னும் புனைபெயரில் வெளியான மடலொன்று, பசுவம்மை குத்தும் முறை பழைய வடமொழி நூலிலேயே உள்ளது என்றது. இத்தகைய கூற்றுகளை டொமினிக் உயாசுடிக் 1987இல் ஆராய்ந்து, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட புரட்டு என்றார். மக்களின் மொழியிலும் தெய்வத்தின் வாயிலாகவும் பேசுதல் வேறு. மக்களின் மரபு எனப் பொய்ச்சான்று படைத்தல் வேறு. பண்பாட்டைக் கருவியாகக் கொள்ளும் இக்காலத் திட்டங்களும் இவ்வேறுபாட்டை மறப்பதுண்டு.

1898: கல்கத்தாவின் பாடம்

பம்பாயையும் பூனாவையும் அலைக்கழித்த பிளேக்கு, கல்கத்தாவில் பரவியிருப்பதாக 1898 ஏப்பிரல் 30ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. கட்டாயமாக ஊசி போடுவர், நோயாளிகளைப் பிடித்துச் செல்வர் என்னும் வதந்தியால் மக்கள் திரள்திரளாக நகரை விட்டகன்றனர், கலவரமும் மூண்டது. பூனாவில் படைவீரர் வீடுபுகுந்து சோதனையிட்டதன் விளைவாக முந்தைய ஆண்டு சூன் 22இல் ராண்டு சுடப்பட்டது அனைவர் நினைவிலும் இருந்தது. வங்கத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் உட்பர்ன், ஊசி கட்டாயமன்று என உறுதியளித்தார். வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. கடுமையைத் தளர்த்தியதால் நோய் கட்டுமீறவில்லை, அச்சமே தணிந்தது.

அம்மே மாதத்தில் விவேகானந்தர் வங்கமொழியில் வெளியிட்ட பிளேக்கு அறிக்கை, அஞ்சாதிருக்கவும் தூய்மை பேணவும் வதந்தியை நம்பாதிருக்கவும் எளிய சொற்களில் வேண்டியது. 1899 மார்ச்சு இறுதியில் இராமகிருட்டிண மடத்தின் தொண்டுப்பணி தொடங்கியபொழுது, நிவேதிதை அதன் செயலராகவும் சதானந்தர் களப்பணித் தலைவராகவும் இருந்தனர். குடிசைப் பகுதிகளைத் துப்புரவு செய்வதே முதற்பணியாக அமைந்தது. பாக்பசார்க் குடிசையொன்றில் தாயிழந்த பிளேக்குக் குழந்தையை நிவேதிதை மடியில் வைத்துப் பேணியதை மருத்துவர் இராதா கோவிந்த கர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். குறள் கூறும் நான்காமவர் அங்கே இருந்தார். ஆயின் இப்பணி நகரத்துக் குடிசைகளோடு நின்றது. மேற்கே, செம்மண் நிலத்துச் சந்தால் ஊர்களில் அக்கடமையை யார் செய்தனர் என்பதை அறிய வேறு சான்றுகளை நாடவேண்டும்.

பாடிங்கின் பதிவுகள்

அச்சான்றுகளுள் தலையாயது கல்கத்தாவிலேயே அச்சாயிற்று. நார்வே நாட்டைச் சேர்ந்த பால் ஓலாப் பாடிங் (1865-1938) 1890இல் இந்தியா வந்து, சந்தால் பர்கானாவில் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். சமயப் பணிக்காக வந்தவரெனினும் ஐந்து தொகுதிகள் கொண்ட சந்தால் அகராதியால் நிலைபெற்றவர். சந்தாலரின் மருத்துவத்தையும் அதனோடு தொடர்புடைய வழக்காறுகளையும் பற்றிய அவரது ஆய்வை வங்க ஆசியவியற் கழகம் 1925, 1927, 1940 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்டது. முதற்பகுதி நோயைப் பற்றிய சந்தாலரின் எண்ணங்களைக் கூறுவது. இரண்டாம் பகுதி முந்நூறுக்கும் மேற்பட்ட மருந்துமுறைகளைத் தொகுத்தளிப்பது. மூன்றாம் பகுதி அவர்களின் உணவு, உடை, உறைவிடம் முதலிய வாழ்வியலை விளக்குவது. நோய், மருந்து, வாழ்க்கை என்னும் இவ்வரிசையே ஒரு கருத்தைத் தருகிறது. எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கூறாமல் மருத்துவத்தை முடிக்க இயலாதென அவர் கண்டிருந்தார் எனலாம்.

பாடிங்கின் பதிவுகளில் சந்தாலரின் நோய்க்கொள்கை ஒற்றைத் தன்மையதன்று. பொங்கா எனப்படும் ஆவித்தெய்வங்களால் வரும் நோய் உண்டு. சூனியத்தால் வருவதாக அஞ்சப்படும் நோய் உண்டு. இவை இரண்டுமன்றி, உடம்பினுள் புழு புகுவது போன்ற காரணங்களால் வருவதும் உண்டு. இதற்கேற்ப ஓஜா என்னும் மந்திர மருத்துவரோடு, மூலிகை அறிந்த மருத்துவரும் ஊரில் இருந்தார். ஓஜாவின் கலை பயிற்சியால் வருவது. காம்ரு குரு என்பவரிடமிருந்து அது வந்ததாகச் சந்தாலர் கூறுவர். இப்பெயர் காமரூபத்தைச் சுட்டுவதென்பர். மாணாக்கர் மழைக்காலத்தில் ஓஜாவிடம் பயின்று, துர்க்கா பூசையை ஒட்டிவரும் தசாய் விழாவில் ஊர்தோறும் ஆடிப்பாடிச் செல்வர். மருத்துவக் கல்வியின் நிறைவை ஊரறிய ஆடிக்காட்டும் இவ்வழக்கத்திற்கு ஒப்பானது நம் சித்த மருத்துவ மரபில் எளிதிற் கிடைப்பதில்லை.

நோய்க்காலத்தில் ஓஜாவுக்கு இணையான இடம் ஊரமைப்புக்கு உண்டு. மாஞ்சி என்னும் ஊர்த்தலைவர், நாய்கே என்னும் பூசகர், ஜாகேர் என்னும் சாலமரச் சோலை ஆகியவற்றைச் சுற்றியே சந்தால் ஊர் இயங்குகிறது. பொதுச்செய்திகளை முடிவு செய்யும் கூட்டத்தைக் ‘குல்ஹி துருப்’ என்பர். தெருவில் அமர்தல் என்பது சொற்பொருள். விழா நாளையும் ஊரே கூடி முடிவு செய்யும். பாகா என்னும் மலர்விழா ஓர் ஊரில் ஒரு நாளிலும் அடுத்த ஊரில் வேறொரு நாளிலும் நடைபெறுவது இதனாலேயே. ஊரே கூடி எடுத்த முடிவு ஊரைக் கட்டுப்படுத்தும் என்னும் இவ்வியல்பு, ஆணையால் அன்றி இசைவால் இயங்கும் பொதுச் சுகாதாரத்திற்கு ஆயத்தமான அடித்தளமாகும்.

மரத்தின்மேல் கட்டில்

2020 மார்ச்சு 25இல் நாடடங்கு தொடங்கியதை ஒட்டிய நாள்களில், புருலியா மாவட்டம் பலராம்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த பாங்கிடி என்னும் சிற்றூரைப் பற்றிய செய்தி நாடெங்கும் பரவியது. சென்னையில் தொழிலாளராக இருந்த எழுவர் தொடர்வண்டியில் ஊர் திரும்பினர். பதினான்கு நாள் தனித்திருக்குமாறு மருத்துவர்கள் கூறினர். அவர்களின் வீடுகளிலோ தனியறை என ஒன்றில்லை. ஊரார் ஊரின் புறத்தே மரக்கிளைகளில் கட்டில்களைக் கட்டி, மேலே நெகிழித்தாளும் கொசுவலையும் அமைத்து, எழுவரையும் அங்கே தங்கச் செய்தனர். உணவுக்கும் உடல்கழிவுக்கும் துணி துவைக்கவும் மட்டுமே அவர்கள் இறங்கினர். செய்தி வெளியானபின் அரசு அலுவலர்கள் அவர்களைக் கட்டடத்திற்கு மாற்றினர்.

நாளிதழ்கள் பலவும் இதனை ஏழ்மையின் காட்சியாகவும், சில வியப்புக்குரிய புதுமையாகவும் எழுதின. இரண்டும் குறைபட்ட பார்வை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அயோத்தியா மலைச்சரிவை அண்டிய அப்பகுதியில் காட்டியானைகளின் வரவைக் கண்காணிக்க மரத்தின்மேல் பரண் அமைப்பது வழக்கம். தினைப்புனம் காக்கும் பரணைக் குறிஞ்சிப் பாடல்களில் கண்டு பழகிய நமக்கு இது அயலான காட்சியன்று. இடரைத் தொலைவிலிருந்து நோக்கவும், நோக்குபவன் ஊரின் எல்லைக்குள்ளேயே இருக்கவும் உதவும் அவ்வமைப்பை ஊரார் புதிய இடருக்குப் பயன்படுத்தினர். மரத்தின்மேல் இருந்தவர் விலக்கப்பட்டவர் அல்லர். ஊரின் பார்வைக்கு உட்பட்டும், ஊரின் சோறு உண்டும், ஊரைக் காக்கும் கடமையேற்றும் இருந்தவர். அதே நாள்களில் நகரங்களில் நோயுற்றோரின் வாயில்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டதையும், மருத்துவப் பணியாளரையே வாடகை வீட்டிலிருந்து வெளியேற்ற முற்பட்டதையும் இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். ஏழ்மை இல்லாதிருந்தால் மரத்தை நாடியிருக்க மாட்டார்கள் என்பதும் மறுக்க இயலாதது. பண்பாட்டின் வளத்தைப் புகழ்வது, தனியறை இல்லாத வீட்டை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

மேற்கு வர்த்தமான் மாவட்டம் ஜாமுரியாவை அடுத்த ஜோபா ஆட்டுபாடா ஊரில் ஆசிரியர் தீப் நாராயண் நாயக், பள்ளிகள் மூடிய காலத்தில் பழங்குடியினர் வீட்டு மண்சுவர்களையே கரும்பலகைகளாக்கித் தெருவில் பாடம் நடத்தினார். எழுத்தோடு முகக்கவசமும் கைகழுவலும் பாடமாயின. வீட்டுச் சுவரில் வண்ணம் தீட்டி அழகு செய்வது சந்தால் பெண்களின் பழைய கலை. கல்வியும் நலமும் அச்சுவர்க்கே வந்தது பொருத்தமுடையது. அதே காலத்தில் மேற்கு மேதினிப்பூர் மாவட்டம் பிங்களா அருகிலுள்ள நயா ஊரின் படச்சுருள் ஓவியர்கள் தீநுண்மியை அரக்கனாகத் தீட்டிப் பாடலும் புனைந்தனர். நம் நீலகிரியில் 2021 சூன் இறுதிக்குள் தகுதியுடைய பழங்குடியினர் ஏறத்தாழ அனைவருக்கும் தடுப்பூசி செலுத்தப்பட்டது. அம்மாவட்டத்துக் கூடலூரில் 1990 முதல் அசுவினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை இயங்குவதையும், அங்கே பழங்குடிப் பெண்களே செவிலியராக விளங்குவதையும் அறிந்தோர்க்கு, உறவினரின் மொழியில் பேசுபவர் ஊசியோடு வரும்பொழுது அச்சம் ஏன் தணிகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழி தேடும் மரபு

மரபு பேணுவதோடு அழிக்கவும் வல்லது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, பாண்டிநாடு மழையின்றி வறுமையுற்று வெம்மைநோயும் கொப்புளநோயும் தொடர்ந்தபொழுது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பத்தினிக்குப் பலியிட்டதாகக் கூறுகிறது. மழை பெய்து நோய் நீங்கியது என்பதோடு அச்செய்தி முடிகிறது. பத்தினி வழிபாட்டின் தோற்றத்திற்குச் சான்றாக இப்பகுதியைப் பன்முறை எடுத்துக்காட்டும் நாம், அந்த ஆயிரவரைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம். கொள்ளைநோய் குற்றவாளியைத் தேடும். கைக்கு எட்டுபவரையே கண்டுபிடிக்கும்.

சந்தாலரிடையே அத்தேடல் பெரிதும் பெண்களை நோக்கிச் சென்றது. தொடர்ந்து இறப்பு நிகழும் ஊரில் ஓஜா சாலிலையில் எண்ணெய் தடவிக் குறிபார்ப்பதையும், சான் என்னும் குறிகாரரிடம் ஊரார் செல்வதையும், சூனியக்காரி எனப் பெயர் சுட்டப்பட்டவள் படும் துயரையும் பாடிங் மறைக்காமல் எழுதியுள்ளார். இந்நூற்றாண்டிலும் இக்கொடுமை நீங்கவில்லை. சூனியக்காரி எனப் பழிசுமத்துவதைத் தடுக்கப் பீகார் 1999இலும் ஜார்க்கண்டு 2001இலும் ஒடிசா 2013இலும் தனிச்சட்டங்கள் இயற்றின. கணவனை இழந்து சிறிது நிலம் உடைய பெண் மீது பழி எளிதில் விழுவதை நோக்க, நோய் ஒரு சாக்காகவும் நிலம் காரணமாகவும் இருத்தல் கூடும் என்பது பெறப்படும். ஆகவே ‘பண்பாட்டு அடிப்படையிலான நலப்பணி’ எனப் பேசுவோர், எந்தப் பண்பாடு, அதனுள் யாருடைய குரல் என வினவாமல் இருத்தல் இயலாது. குல்ஹி துருப் கூட்டத்தில் அமர்வோர் வழக்கமாக ஆண்கள். நோயுற்றோரை வீட்டில் பேணுவோர் பெண்கள். உழைச்செல்வாள் கூட்டத்தில் இல்லை. பழி சுமத்தப்படும்பொழுது மட்டும் அவள் பெயர் அங்கே எழுகிறது. இக்கால ஆய்வுகள் ஓஜாவின் மூலிகை அறிவைத் தொகுப்பதில் காட்டும் ஆர்வத்தில் ஒரு பகுதியையேனும் இதில் காட்டவேண்டும்.

இறந்தோர்க்குச் செய்வன

நலம் என்பது உயிரோடிருப்போர்க்கு உரியது மட்டுமன்று. இறந்தோரை உரியவாறு அனுப்பினாலன்றி இருப்போர் நலம்பெறார் என்பது சந்தாலர் கொள்கை. எரியூட்டியபின் எஞ்சும் எலும்புத் துண்டுகளைப் புதுச்சட்டியில் இட்டுக் காத்து, தாமோதர் ஆற்றுக்குக் கொண்டுசென்று நீரில் விடுவர். அதன்பின் பாண்டான் என்னும் இறுதிச்சடங்கும் ஊருணவும் நிகழும். அதுவரை அவ்வீடு முழுமையாக ஊரோடு சேர்வதில்லை. புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களைப் பயில்வோர் இவ்விடைக்காலத்தின் தன்மையை உணர்வர்.

இச்சூழலில் சாதுபட்டுவா எனப்படும் படக்காரரின் தொழில் கருதத்தக்கது. சாவு நிகழ்ந்த சந்தால் வீட்டுக்கு அவர் ஒரு சிறு ஓவியத்தோடு வருவார். இறந்தவரின் உருவம் அதில் இருக்கும். கண்மணி மட்டும் தீட்டப்பட்டிராது. கண்ணின்றி அவர் மறுவுலகில் தடுமாறுகிறார் எனக் கூறி, வீட்டார் தரும் பொருளைப் பெற்றுக்கொண்டு, கண்மணியைத் தீட்டுவார். சட்சுதானம், அதாவது கண்கொடை, என்பது இதன் பெயர். இது ஏமாற்றுப் பிழைப்பென எழுதியோர் உளர். துயருற்றவர் இறந்தவர்க்கென ஒன்றைச் செய்து முடிக்க வாய்ப்பளிக்கும் இக்கலையின் பயனை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய நம் முன்னோரும் இதனை விளங்கிக்கொண்டிருப்பர்.

2020இல் தடைப்பட்டது இந்த இறுதிக்கடனே. தீநுண்மியால் இறந்தவரின் உடல் உறவினர்க்குக் காட்டப்படாமல் நகராட்சியால் எரிக்கப்பட்டது. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2020 செப்டம்பர் 16ஆம் நாள் தீர்ப்பளித்தது. இறுதிக்கடன் செய்யும் குடும்பத்தாரின் உரிமை, அரசியலமைப்பின் 21, 25ஆம் பிரிவுகளின் காப்புக்கு உரியது என்னும் கருத்தை அது ஏற்றது. உறையின் முகப்பக்கத்தைத் திறந்து இறுதியாகக் காணவும், உடலைத் தொடாமல் செய்யத்தக்க மறையோதுதல், புனிதநீர் தெளித்தல், தானியம் இடுதல் போன்ற சடங்குகளைச் செய்யவும் இடமளித்தது. எரியூட்டியபின் சாம்பலால் தொற்று இடர் இல்லை என்பதை நடுவண் அரசின் நெறிமுறை முன்னரே ஏற்றிருந்தது. தீர்ப்பில் குறிக்கப்பட்ட சடங்குகள் பெரும்பாலும் நூல்வழிச் சமயத்தாருடையவை. சந்தாலர்க்கு வேண்டுவதோ ஒரு சிறு எலும்பும், அதனை ஏந்திச்செல்லும் உறவும், தாமோதர் ஆற்றை அடையும் வழியுமே. சாம்பலைப் பெறலாம் எனில் எலும்பையும் பெறலாம். அதனை ஆற்றுக்குக் கொண்டுசெல்லும் வழி மட்டும், பேருந்தும் தொடர்வண்டியும் நின்றிருந்த திங்கள்களில், ஊர்களுக்கிடையே நடந்தே கடக்கவேண்டியதாக இருந்தது.